சட்டம் உருவாகும் நேரத்தில் செய்தி எங்கே இருக்கிறது?

தேசிய அரசியல் செய்திகளைத் தொடர்ந்து பார்ப்பவர்கள், படிப்பவர்கள் பலரிடம் இன்று கடும் சலிப்பு இருக்கிறது. காரணம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ‘சார்பு’ என்பதுதான். ஆளும் கட்சியை எதிர்ப்பவர்கள் டெல்லிச் சேனல்களை ‘மடி ஊடகம்’ என்கிறார்கள். ஆதரிப்பவர்கள் சில ஆங்கில நாளிதழ்களையும் இணைய இதழ்களையும் நாட்டுக்கு எதிரானவை என்கிறார்கள். சார்பு இருப்பது உண்மை. 2014இல் நெட்வொர்க் 18 குழுமம் ரிலையன்ஸ் வசம் சென்றது. 2022 டிசம்பரில் என்.டி.டி.வி. அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் 2024ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில், 180 நாடுகளில் இந்தியாவுக்குக் கிடைத்த இடம் 159. இவை எதையும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நாளைக்கே எல்லா நெறியாளர்களும் நடுநிலையாகி, இரு தரப்புக்கும் நேரத்தைச் சமமாகப் பிரித்துக் கொடுத்தாலும் நம் குறை தீராது. தேசிய அரசியலின் மைய வேலையான சட்டம் இயற்றுதல் அரசியல் செய்தியிலிருந்து ஏறக்குறைய வெளியேறிவிட்டது. மிச்சமிருப்பது தலைவர்களின் பேச்சும் அந்தப் பேச்சுக்கு எதிர்ப்பேச்சும்தான். ஒரு மசோதா அறிமுகமாகும் நாளுக்கும் நிறைவேறும் நாளுக்கும் இடையில்தான் குடிமக்களால் ஏதாவது சொல்ல முடியும், செய்ய முடியும். அந்த இடைவெளியில் செய்தி வந்து சேர்வதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2023 டிசம்பர்: ஒரு வாரம்

இதற்கு மிகத் தெளிவான சான்று 2023ஆம் ஆண்டின் குளிர்காலக் கூட்டத்தொடர். டிசம்பர் 13 அன்று மக்களவையின் பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் அவைக்குள் குதித்து வண்ணப் புகைக் குப்பிகளைத் திறந்தனர். இந்தப் பாதுகாப்பு மீறல் பற்றி உள்துறை அமைச்சர் அவையில் விளக்கமளிக்க வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் வற்புறுத்தின. அமளி தொடர்ந்தது, மறுநாளிலிருந்து இடைநீக்கங்கள் தொடங்கின. டிசம்பர் 18 அன்று மட்டும் இரு அவைகளிலும் சேர்த்து 78 பேர் வெளியேற்றப்பட்டார்கள். தொடர் முடியும்போது எண்ணிக்கை 146: மக்களவையில் 100, மாநிலங்களவையில் 46. டிசம்பர் 19 அன்று, நாடாளுமன்றப் படிக்கட்டில் அமர்ந்து போராடிக்கொண்டிருந்த உறுப்பினர்களிடையே திரிணமூல் காங்கிரஸின் கல்யாண் பானர்ஜி, மாநிலங்களவைத் தலைவர் ஜகதீப் தன்கரைப் போல நடித்துக் காட்டினார். ராகுல் காந்தி அதைத் தன் கைப்பேசியில் படமெடுத்தார். அந்த நாளும் மறுநாளும் செய்திச் சேனல்களில் பெரிதாக ஓடியது இந்தக் காட்சிதான். இது அவமதிப்பா நகைச்சுவையா, தன்கர் சார்ந்த சமூகத்தையே இழிவுபடுத்தியதா, பிரதமர் தன்கரிடம் தொலைபேசியில் என்ன பேசினார் என்று விவாதம் போய்க்கொண்டிருந்தது.

டிசம்பர் 20 அன்று, மக்களவையின் 97 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வெளியே இருந்த நிலையில், மூன்று மசோதாக்கள் அங்கே நிறைவேறின. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றின் இடத்தையும் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிடித்தன. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் தந்தது. டிசம்பர் 25 அன்று குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். கைது, ஜாமீன், எஃப்.ஐ.ஆர்., சாட்சி, தண்டனை என ஒரு சாதாரண மனிதர் அரசின் அதிகாரத்தை நேருக்கு நேர் சந்திக்கும் இடங்கள் அத்தனையும் இந்த மூன்று சட்டங்களுக்குள் அடங்கும். சுதந்திர இந்தியாவில் இவ்வளவு விரிந்த சட்ட மாற்றங்கள் மிகச் சில. அதே இரு நாள்களில் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் இதே வேகத்தில் நிறைவேறியது. செய்திகளில் இவை வராமல் இல்லை. ‘மசோதாக்கள் நிறைவேற்றம்’ என்ற அளவில் வந்தன. அவற்றுக்குள் என்ன இருந்தது என்பதுதான் வரவில்லை.

உள்ளே இருந்ததை ஓரிரண்டு இடங்களிலாவது பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய நடைமுறைச் சட்டத்தின் 167ஆவது பிரிவின்படி, கைதானவரைப் போலீஸ் காவலில் எடுத்து விசாரிப்பதற்கான 15 நாள் என்பது முதல் 15 நாள்களுக்குள் முடிந்துவிட வேண்டும்; அதன் பிறகு நீதிமன்றக் காவல் மட்டுமே. புதிய சட்டத்தின் 187ஆவது பிரிவு அந்த 15 நாள்களை, குற்றத்தின் தன்மையைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாள்களுக்குள் துண்டு துண்டாகக் கேட்க வழிவிடுகிறது. மொத்த நாள்கள் கூடவில்லை என்பது அரசின் விளக்கம். காவல் கோரிக்கையைக் கையிருப்பில் வைத்துக்கொண்டே ஜாமீனை எதிர்க்க முடியும், காவலுக்குள் நடக்கும் துன்புறுத்தலுக்கான வாய்ப்பும் நீளும் என்பது வழக்கறிஞர்கள் பலரின் கவலை. முதல் 15 நாள்களுக்குப் பிறகும் போலீஸ் காவல் தேவைப்படலாம் என்பது மட்டுமே ஜாமீனை மறுக்கப் போதிய காரணமாகாது என்று 480ஆவது பிரிவில் ஒரு தடுப்பு இருக்கிறது. அந்தத் தடுப்பு கீழ் நீதிமன்றங்களில் எந்த அளவுக்கு நிற்கும்? இரு தரப்பிலும் சட்டம் தெரிந்தவர்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேச வேண்டிய கேள்வி இது. மசோதா அவையில் இருந்தபோது எந்தப் பெரிய சேனலின் பிரைம் டைமையும் இது ஆக்கிரமிக்கவில்லை.

இன்னொன்று ராஜத்துரோகம். 2023 ஆகஸ்ட் 11 அன்று இந்த மசோதாக்களின் முதல் வடிவம் அறிமுகமானபோது, ராஜத்துரோகச் சட்டம் முற்றாக நீக்கப்படுகிறது என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா அவையில் அறிவித்தார். அந்த அறிவிப்பே தலைப்புச் செய்தியானது. பழைய 124ஏ பிரிவு போனது உண்மை. ஆனால் நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாடு ஆகியவற்றுக்கு ஆபத்து விளைவிக்கும் செயல்களைத் தண்டிக்கும் பிரிவு ஒன்று அதே மசோதாவில் இருந்தது; சட்டமானபோது அது 152ஆவது பிரிவாயிற்று. பழைய பிரிவில் ஆயுள் தண்டனை அல்லது மூன்றாண்டு வரை சிறை. புதியதில் ஆயுள் தண்டனை அல்லது ஏழாண்டு வரை சிறை. அரசை விமர்சிப்பது வேறு, நாட்டைப் பிளப்பது வேறு என்று புதிய பிரிவு கோடு போடுகிறது என்பார்கள் ஒரு தரப்பினர். அதன் வாசகம் பழையதைவிட விரிந்தது என்பார்கள் மறு தரப்பினர். இரண்டில் எது சரி என்று வாசகர்தான் முடிவுசெய்ய வேண்டும். அதற்கு இரண்டு பிரிவுகளின் வாசகங்களும் அருகருகே அவர் கண்ணில் பட வேண்டும். அமைச்சரின் அறிவிப்பைத் தலைப்பாக்கியவர்களும் எதிர்க்கட்சியின் மறுப்பைத் தலைப்பாக்கியவர்களும் சொன்னதைச் சொன்னபடி தந்தார்கள். சட்டத்தில் இருந்ததை விட்டுவிட்டார்கள்.

செய்தி பெட்ரோல் பங்க்கில் வந்து நின்றது

மசோதாவின் உள்ளடக்கம் செய்தியாகாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க நாடு இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு வாகன விபத்து பற்றியது. கவனக்குறைவாக வண்டி ஓட்டி ஒருவருக்கு மரணம் விளைவித்து, போலீசிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ உடனே தெரிவிக்காமல் தப்பிச் செல்பவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்கிறது அது. பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு அதிகபட்சத் தண்டனை இரண்டாண்டு. இந்த மாற்றம் லாரி ஓட்டுநர்களின் காதுக்கு எட்டியது. விபத்து நடந்த இடத்திலேயே நின்றால் கூட்டம் அடித்துக் கொல்லும், ஓடினால் பத்தாண்டு சிறை என்றால் நாங்கள் எங்கே போவது என்று அவர்கள் கேட்டார்கள். 2024 ஜனவரி 1, 2 தேதிகளில் வட, மேற்கு மாநிலங்களில் வண்டிகள் நின்றன. எரிபொருள் வராது என்ற பயத்தில் பெட்ரோல் பங்க்குகளில் நீண்ட வரிசைகள் உருவாயின. அப்போதுதான் தேசியச் சேனல்கள் 106ஆவது பிரிவைத் திரையில் எழுதிக் காட்டின. ஜனவரி 2 இரவு உள்துறைச் செயலர் போக்குவரத்து உரிமையாளர் சங்கத்துடன் பேசினார். அவர்களோடு கலந்தாலோசிக்காமல் அந்த உட்பிரிவு அமலுக்கு வராது என்று உறுதியளித்தார். மூன்று சட்டங்களும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது இந்த ஓர் உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

இந்த உட்பிரிவு டிசம்பரில் திடீரென்று முளைத்ததல்ல. ஆகஸ்ட் மசோதாவிலேயே இருந்தது. உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அதை ஆராய்ந்தது. தனக்கெதிராகத் தானே சாட்சியாக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்கிற அரசியல் சட்டத்தின் 20(3)ஆவது பிரிவோடு இது மோதக்கூடும் என்ற ஐயத்தை நவம்பரில் அளித்த அறிக்கையில் குழு பதிவுசெய்தது. ப.சிதம்பரம், டெரிக் ஓ’பிரையன், என்.ஆர்.இளங்கோ உள்ளிட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மறுப்புக் குறிப்புகளும் எழுதியிருந்தார்கள். அறிக்கை பொது ஆவணம். யாரும் எடுத்துப் படிக்கலாம். ஆக, ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை நான்கு மாதங்கள் ஊடகங்களுக்கு இருந்தன. அந்த நான்கு மாதங்களில் ஒரு லாரி ஓட்டுநரிடம் மைக்கை நீட்டி, ‘இப்படி ஒரு பிரிவு வரப்போகிறது, என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டிருந்தால் ஜனவரி வேலைநிறுத்தத்தின் முழு வாதமும் முன்கூட்டியே நாட்டின் முன்னால் வந்திருக்கும். அவருடைய பதில் மசோதாவைத் திருத்தியிருக்கலாம், திருத்தாமலும் போயிருக்கலாம். வண்டியை நிறுத்தினால்தான் தன் குரல் கேட்கும் என்ற முடிவுக்கு அவர் வந்திருக்க வேண்டியதில்லை.

தனிப்பட்ட விபத்தல்ல

2020 செப்டம்பரிலும் இதுவே நடந்தது. ஜூன் 5 அன்று அவசரச் சட்டங்களாக வந்த மூன்று வேளாண் சட்டங்கள் செப்டம்பர் மத்தியில் மசோதாக்களாக அவைக்கு வந்தன. முக்கியமான இரண்டு மசோதாக்களை மக்களவை 17ஆம் தேதியும் மாநிலங்களவை 20ஆம் தேதியும் நிறைவேற்றின. மாநிலங்களவையில் எண்ணி வாக்கெடுக்க வேண்டும் என்ற கோரிக்கையை மீறி, அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பு நடந்தது. கொரோனாவைக் காரணம் காட்டி அந்தத் தொடரில் கேள்வி நேரமே இல்லை. 22, 23 தேதிகளில், எதிர்க்கட்சிகள் புறக்கணித்த அவைகளில், மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறைவேறின. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி அதுவரை 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளுக்குப் பொருந்தியது. புதிய தொகுப்பு அந்த எல்லையை 300 ஆக்கியது. ஒசூரிலும் திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்க்கையைத் தொடும் மாற்றம் இது. அந்த வாரங்களில் டெல்லி, மும்பைச் சேனல்களை நிறைத்திருந்தது ஒரு திரைப்பட நடிகரின் மரணமும், அதைத் தொடர்ந்து நடிகைகள் போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் அலுவலகத்துக்குப் போகும் கார்களைத் துரத்தும் காட்சிகளும். வேளாண் சட்டங்கள் தேசியச் செய்தியானது நவம்பர் 26 அன்று விவசாயிகள் டிராக்டர்களோடு டெல்லியின் எல்லைக்கு வந்து உட்கார்ந்த பிறகு. ஓராண்டு கழித்து, 2021 நவம்பர் 29 அன்று, அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதாவும் விவாதமின்றியே நிறைவேறியது.

இந்த இரு கூட்டத்தொடர்களும் விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. 2019 முதல் 2024 வரையிலான 17ஆவது மக்களவை பற்றி பி.ஆர்.எஸ். ஆய்வு அமைப்பு தொகுத்த தரவுகளைப் பாருங்கள். அது கூடியது மொத்தம் 274 நாள்கள். முழுப் பதவிக்காலமும் நீடித்த மக்களவைகளில் இதுவே மிகக் குறைவு. மசோதாக்களில் 58 சதவீதம் அறிமுகமாகி இரண்டு வாரத்துக்குள் நிறைவேறின. 35 சதவீத மசோதாக்கள் மக்களவையில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே விவாதிக்கப்பட்டன. குழுக்களின் ஆய்வுக்குப் போனவை 16 சதவீதம். 2009 முதல் 2014 வரையிலான 15ஆவது மக்களவையில் இது 71 சதவீதமாக இருந்தது. ஐந்தாண்டுகளும் துணை சபாநாயகர் தேர்ந்தெடுக்கப்படவே இல்லை. ஒரு நாட்டின் சட்டம் இயற்றும் முறை இந்த அளவுக்கு மாறியிருக்கிறது என்றால், அந்தக் காலகட்டத்தின் மிகப் பெரிய அரசியல் செய்திகளில் ஒன்று அதுவே.

ஏன் இப்படி ஆனது

ஒரு சட்டப் பிரிவைப் படித்து, பழையதோடு ஒப்பிட்டு, அதனால் பாதிக்கப்படுபவரைத் தேடிப்போய்ப் பேசி, சட்டம் தெரிந்தவரிடம் சரிபார்த்து எழுத ஒரு நிருபருக்குப் பல நாள்கள் ஆகும். அந்த நாள்களுக்கான சம்பளமும் பயணச் செலவும் ஒரே ஒரு செய்திக்காகப் போகும். ஆறு கட்சிக்காரர்களைக் கட்டம் கட்டமாகத் திரையில் நிறுத்தினால் செலவு மிகக் குறைவு, ஒரு மணி நேரம் நிறைந்துவிடுகிறது. பேச வருபவர்களும் மசோதாவைப் படித்திருக்க வேண்டியதில்லை. எதிர்த் தரப்பின் பழைய தவறு ஒன்று நினைவிலிருந்தால் போதும். இந்தப் பொருளாதாரம் எந்தச் சித்தாந்தத்தையும் சார்ந்ததல்ல. அதனால்தான் ஆளும் தரப்பை ஆதரிக்கும் சேனலிலும் எதிர்க்கும் சேனலிலும் மாலை நேரத்தின் வடிவம் ஒன்றாகவே இருக்கிறது. விளம்பரம் இதை உறுதிப்படுத்துகிறது. மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே பெரும் விளம்பரதாரர்கள். தலைவர்களின் வாய்ச்சண்டையால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. ஒரு சட்டப் பிரிவு யாருக்கு லாபம் என்று பெயர் சொல்லி எழுதினால் விளம்பரம் போகலாம். செய்தி அறைக்கு யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. எது மலிவோ, எது ஆபத்தில்லாததோ அது தானாகவே மேலே வந்துவிடுகிறது.

இப்படி மேலே வந்த செய்தி வடிவம் குடிமக்களின் மனநிலையையும் மாற்றுகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் கப்பெல்லா, கேத்லீன் ஹால் ஜேமிசன் இருவரும் 1990களில் அமெரிக்காவில் நடத்திய சோதனைகளின் முடிவுகளை 1997இல் நூலாக வெளியிட்டார்கள். அரசியலை ‘யார் முந்துகிறார், யாருடைய வியூகம் வென்றது’ என்று ஆட்டமாகக் காட்டும் செய்திகளை ஒரு பிரிவினருக்கும், அதே விஷயத்தைக் கொள்கை அடிப்படையில் விளக்கும் செய்திகளை இன்னொரு பிரிவினருக்கும் கொடுத்தார்கள். ஆட்டமாகப் படித்தவர்களிடம் அரசியல் மீதான அவநம்பிக்கை கூடியது. அது அமெரிக்கச் சூழல். அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் ‘எல்லாரும் ஒண்ணுதான், யார் வந்தாலும் இதே கதைதான்’ என்று நம் ஊரில் எங்கும் கேட்கிற அலுப்பு, யார் எந்த மசோதாவில் எந்தப் பக்கம் நின்றார் என்பதே தெரியாத ஒரு மக்களிடம் எழக்கூடிய அலுப்பு என்பதைப் புரிந்துகொள்ள அந்த ஆய்வு உதவுகிறது. வேறுபாடு தெரியாதபோது எல்லாரும் ஒன்றாகத்தான் தெரிவார்கள்.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம், மக்கள் இதைத்தான் பார்க்கிறார்கள் என்பது. சட்டப் பிரிவை விளக்கினால் ரிமோட் அடுத்த சேனலுக்குப் போய்விடும், டி.ஆர்.பி. விழும் என்பார்கள் ஊடக நிர்வாகிகள். இருபது கோடிக்கு மேற்பட்ட தொலைக்காட்சி வீடுகளின் விருப்பத்தை ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் வைத்த கருவிகளைக் கொண்டு ஊகிக்கும் கணக்கு அது என்பது ஒருபுறம் இருக்கட்டும். டி.ஆர்.பி. மோசடிப் புகாருக்குப் பின், 2020 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை செய்திச் சேனல்களுக்கான மதிப்பீடு வெளியிடப்படவே இல்லை. அந்தப் பதினேழு மாதங்களில் எந்தச் சேனலுக்கும் வாராந்திர மதிப்பெண்ணின் நெருக்கடி இல்லை. மாலை விவாதங்களின் வடிவம் அப்போதும் மாறவில்லை. மக்களின் அக்கறை எங்கே என்பதற்கு வேறு சான்று உண்டு. 2024 தேர்தலுக்கு முன் சி.எஸ்.டி.எஸ்.-லோக்நிதி நடத்திய ஆய்வில் மிக முக்கியமான பிரச்சினை எது என்று கேட்டபோது 27 சதவீதத்தினர் வேலையின்மை என்றும் 23 சதவீதத்தினர் விலைவாசி என்றும் சொன்னார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் சேனல்கள் இரவு பகலாகக் காட்டிய ராமர் கோயிலைச் சொன்னவர்கள் 8 சதவீதத்தினர். பட்ஜெட் நாளில் வருமான வரி வரம்புகளின் அட்டவணையை இதே மக்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள், மறுநாள் நாளிதழில் தேடிப் படிக்கிறார்கள். தன் வாழ்க்கையோடு தொடர்பு தெரிந்தால் எண்களும் பிரிவுகளும் யாருக்கும் சுமையாவதில்லை. அந்தத் தொடர்பைக் காட்டுவது செய்தியாளரின் வேலை.

இரண்டாவது, நாடாளுமன்றமே விவாதிக்காதபோது ஊடகம் எதைச் சொல்லும் என்ற கேள்வி. இதில் பாதி நியாயம் இருக்கிறது. கொரோனா காலத்தில் செய்தியாளர்களின் நுழைவுக்கு வந்த கட்டுப்பாடுகள் பிறகும் நீடித்தன. 2021 டிசம்பரில் டெல்லியில் செய்தியாளர்கள் இதற்காகப் போராட வேண்டியிருந்தது. 2024 ஜூலையில், உறுப்பினர்கள் வந்துபோகும் வாயிலருகே செய்தியாளர்களை ஒரு கண்ணாடி அறைக்குள் நிறுத்தியது அவையிலேயே எழுப்பப்பட்டது. ஆனால் மசோதாவின் வாசகமும் நிலைக்குழு அறிக்கையும் மறுப்புக் குறிப்பும் படிக்க மைய மண்டபத்துக்குள் போக வேண்டியதில்லை. அவை விவாதிக்க மறுக்கும்போது வெளியே விவாதம் நடத்த வேண்டிய பொறுப்பு ஊடகத்துக்குக் கூடுகிறது. இவ்விரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று எப்படித் தூக்கி நிறுத்த முடியும் என்பதற்குச் சுதந்திர இந்தியாவின் தொடக்க ஆண்டுகளில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அவை நடவடிக்கைகளை உண்மையாகவும் தீய நோக்கமின்றியும் வெளியிடும் பத்திரிகைகள் மீது வழக்குப் போட முடியாதபடி பாதுகாக்கும் சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் ஆளும் காங்கிரஸின் உறுப்பினரான ஃபெரோஸ் காந்தி. 1956இல் அது சட்டமானது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே ஃபெரோஸ் காந்தி, ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் சுமார் 1.24 கோடி ரூபாய் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களுக்குப் போனது எப்படி என்று அவையில் கேட்டார். நீதிபதி சாக்ளாவின் விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. பத்திரிகைகள் அதை நாள்தோறும் எழுதின. தமிழகத்தைச் சேர்ந்த நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். அவையில் ஒரு கேள்வி, அதைச் சிதைக்காமல் மக்களிடம் கொண்டுசெல்ல ஒரு பத்திரிகை: ஓர் அமைச்சரைப் பொறுப்பேற்க வைக்க இவை தேவைப்பட்டன. நெருக்கடி நிலையின்போது முதலில் வெட்டப்பட்டவற்றில் ஃபெரோஸ் காந்தியின் அந்தச் சட்டமும் ஒன்று என்பதையும், 1977இல் அது மீட்கப்பட்டதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது எதிர்வாதம்தான் வலுவானது: உரிமையாளரும் அரசும் நெருக்கும்போது இதையெல்லாம் நிருபரிடம் எதிர்பார்ப்பது அநியாயம் என்பது. நெருக்கடி உண்மை. எனினும் அது எல்லா மௌனத்தையும் விளக்காது. பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் 2017 பட்ஜெட்டோடு அறிவிக்கப்பட்டது. நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்குத் தரலாம் என்ற வரம்பு அந்த ஆண்டின் நிதிச் சட்டத்தில் நீக்கப்பட்டது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்ட வேண்டிய கட்டாயமும் போனது. எல்லாம் அரசிதழில் அச்சானவை. ரிசர்வ் வங்கி எழுப்பிய ஆட்சேபங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளிக்கொண்டுவந்து 2019இல் எழுதியது பெரிய சேனல்கள் அல்ல; விரல்விட்டு எண்ணக்கூடிய சில செய்தியாளர்களும் தகவல் உரிமை ஆர்வலர்களும்தான். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தை ரத்து செய்து, யார் வாங்கினார், யார் பணமாக்கினார் என்ற விவரங்களை வெளியிடச் சொன்ன பிறகே அது எல்லாருக்கும் செய்தியானது. சிறிய இதழ்களால் முடிந்தது நூற்றுக்கணக்கான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களால் முடியாது என்று ஏற்க இயலாது. மேலும், காவல் நாள் கணக்கு எப்படி மாறுகிறது என்று விளக்குவதற்கு எந்த அதிகாரியின் ரகசியக் கோப்பும் தேவையில்லை.

இணையம் வந்துவிட்டதே, யூடியூபில் எல்லாம் கிடைக்கிறதே என்ற சமாதானமும் உண்டு. நீதிமன்றச் செய்திகளுக்கென்றே இயங்கும் தளங்களும் மசோதாக்களை எளிமையாகச் சுருக்கித் தரும் ஆய்வு அமைப்புகளும் பெரும் தொண்டு செய்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன; தேடிப் போகிறவர்களுக்கே கிடைக்கின்றன. யூடியூப் அரசியல் விமர்சகர்களில் பலர் முந்தைய நாள் தொலைக்காட்சியில் யார் என்ன பேசினார் என்பதன் மீதுதான் தங்கள் பேச்சைக் கட்டுகிறார்கள். தமிழிலும் இந்தக் குறை இருக்கிறது. புதிய குற்றவியல் சட்டங்களின் இந்திப் பெயர்கள் இங்கே எழுப்பிய எதிர்ப்பு நியாயமானது. 2024 ஜூலையில் தமிழக வழக்கறிஞர்கள் நீதிமன்றங்களைப் புறக்கணித்ததும், மாநில அரசு திருத்தங்களைப் பரிந்துரைக்கக் குழு அமைத்ததும் செய்திகளாயின. ஆனால் பெயரைப் பற்றிப் பேசிய அளவுக்கு 187ஆவது பிரிவைப் பற்றித் தமிழ்ச் சேனல்கள் பேசவில்லை. கட்சிகளின் நேரடி, மறைமுக உரிமையில் பல சேனல்கள் இயங்கும் தமிழ்நாட்டில், டெல்லியின் ஒரு மசோதா பெரும்பாலும் திராவிடக் கட்சிகளுக்கும் பாஜகவுக்கும் இடையிலான இன்னொரு சுற்று மோதலாகவே வந்து சேர்கிறது.

செய்யக்கூடியவை

இந்த நிலையை மாற்றப் பெரும் புரட்சி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு மசோதாவும் அறிமுகமாகும் வாரத்தில் நாளிதழ் ஒரு பக்கத்தை அதற்கு ஒதுக்கலாம். பழைய சட்டம் என்ன சொன்னது, புதியது என்ன சொல்கிறது, யாருக்கு எது மாறுகிறது என்று மூன்று கட்டங்கள் போதும். நிலைக்குழு அறிக்கை வந்தால் அதன் மறுப்புக் குறிப்புகளைச் சுருக்கித் தரலாம். சேனல் விவாதத்தில் முதல் பத்து நிமிடம் கட்சிக்காரர்கள் யாருமின்றி, சம்பந்தப்பட்ட பிரிவின் வாசகத்தை நல்ல தமிழில் வாசித்து விளக்கிவிட்டு, பிறகு அவர்களை அந்தப் பிரிவுக்குள் நின்று பதில் சொல்லச் செய்யலாம். வாக்கெடுப்பு நடந்த மறுநாள் தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களில் யார் பேசினார்கள், யார் எப்படி வாக்களித்தார்கள், யார் அவையிலேயே இல்லை என்ற பட்டியலை வெளியிடலாம். குரல் வாக்கெடுப்பால் அந்தப் பட்டியல் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதையே தலைப்பாக்கலாம். சட்டம் இயற்றப்பட்ட பிறகு விதிகள் எப்போது வருகின்றன என்பதையும் தொடர வேண்டும். 2020இல் நிறைவேறிய தொழிலாளர் தொகுப்புகள் 2025 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன, அந்த ஐந்தாண்டு இடைவெளியில் அவற்றைத் தொடர்ந்து கவனித்த தேசிய ஊடகங்கள் அரிது. வாசகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு நாளிதழுக்குக் கடிதம் எழுதும்போது ‘நீங்கள் அந்தக் கட்சியின் பக்கம்’ என்று எழுதுவதைவிட, ‘நேற்று அறிமுகமான மசோதாவில் என்ன இருக்கிறது என்று நீங்கள் ஏன் சொல்லவில்லை?’ என்று கேட்பது அதிக வலு உள்ளது. முதல் புகாரை எதிர்த் தரப்பின் குரல் என்று ஒதுக்கிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு ஆசிரியர் பதில் சொல்லியாக வேண்டும்.

சார்பு ஒரு குற்றம்தான். ஆனால் சார்புள்ள பத்திரிகைகூட மசோதாவின் வாசகத்தை முழுதாக அச்சிட்டுவிட்டுத் தன் கருத்தைச் சொன்னால், வாசகர் அந்தக் கருத்தோடு சண்டையிட முடியும். வாசகத்தையே காட்டாத நடுநிலை அந்த வாய்ப்பைத் தருவதில்லை. எனவே தேசிய ஊடகத்தை அளக்க வேண்டிய முதல் அளவுகோல் எத்தனை தலைவர்களுக்கு எத்தனை நிமிடம் கொடுத்தது என்பதாக இருக்க முடியாது. ஒரு சட்டத்தால் வாழ்க்கை மாறப்போகும் மனிதருக்கு, அது நிறைவேறுவதற்கு முன்பே அதைச் சொன்னதா என்பதே அந்த அளவுகோல். லாரி ஓட்டுநருக்கும் விவசாயிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் நாளை கைதாகக்கூடிய எவருக்கும் அந்த முன்னறிவிப்பு ஊடகம் காட்டும் சலுகை ஆகாது. அதைத் தருவதற்காகத்தான் பத்திரிகைக்கு அவையின் மாடத்தில் இடமும் சட்டத்தின் பாதுகாப்பும் கொடுக்கப்பட்டிருக்கின்றன.